சதை துடித்தால் நரம்பு நோயா? வாசகர் கேள்வி – பதில்

உடற்பயிற்சிக்குப் பிறகு சதை தானாகத் துடிப்பது பற்றி நிறைய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பெயரும் ஊரும் போடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 31. ஆறு வாரமாக ஓட்டமும் ஸ்குவாட்டும் செய்கிறேன். ராத்திரி படுத்ததும் இரண்டு கெண்டைக்காலிலும் சதை குறுகுறுவென்று துடிக்கிறது. இப்போது கண் இமை, கட்டைவிரல் அடிச்சதை, தொடை என்று மாறி மாறி வருகிறது. இணையத்தில் தேடினால் ஏ.எல்.எஸ். என்ற நோயில்தான் போய் நிற்கிறது. தூக்கமே போய்விட்டது. இது அதுதானா?

ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செத்து, தசை பலவீனமாகிக்கொண்டே போகும் நோய். நீங்கள் எழுதியிருப்பதில் அதைச் சந்தேகிக்க வைக்கும் விஷயம் எதுவும் இல்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறோம். காரணம் புரியாமல் கிடைக்கும் ஆறுதல் ஒரு ராத்திரிக்குக்கூடத் தாங்காது.

முதுகுத் தண்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தன் நீண்ட இழையின் நுனியில் பல கிளைகளாகப் பிரிந்து ஒரு தொகுதி தசைநார்களைப் பிடித்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்பணுவுக்குப் பத்துச் சொச்சம் நார்கள்தான். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். அந்த ஒரே நரம்பணுவின் இழை, மூளையிலிருந்து உத்தரவு வராமல் தானாக ஒருமுறை தூண்டப்பட்டால், அதன் பிடியில் உள்ள அத்தனை நார்களும் ஒன்றாகச் சுருங்கும். நீங்கள் பார்க்கும் துடிப்பு அதுதான். மருத்துவத்தில் ஃபாசிகுலேஷன் என்பார்கள். மூட்டு அசையாது, வலிக்காது, தோல் மட்டும் துள்ளும். கெண்டைக்காலில் நார்கள் அதிகம் என்பதால் அங்கே நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறது. இமையில் தோல் மெல்லியது என்பதால் அங்கேயும் உணர முடிகிறது.

ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வந்திருக்கும். இப்படிப்பட்ட துடிப்பு பெரும்பாலும் நரம்பணுவின் உடலில் தொடங்குவதில்லை. தசைக்குப் பக்கத்தில், இழை கிளை பிரியும் நுனிப் பகுதியில் தொடங்குகிறது. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு அந்த நுனிகளைச் சுற்றி உப்புகளின் சமநிலை சற்று மாறி, சின்னத் தூண்டலுக்கே அவை எகிறும் நிலையில் இருக்கும். அதோடு தூக்கக் குறைவு, காபி, பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. நடக்கும்போது துடிப்பு தெரியாமல் படுத்தபின் தெரிவதற்கும் மர்மம் இல்லை. வேலை செய்யும் தசையில் ஒற்றைத் துடிப்பு அடங்கிப் போகும். ஓய்ந்திருக்கும் தசையில் அது மட்டுமே தனியாகத் தெரியும்.

ஏ.எல்.எஸ்ஸில் நடப்பது வேறு. அங்கே இயக்க நரம்பணுவே செத்துக்கொண்டிருக்கும். அதனால் நோயாளி முதலில் கவனிப்பது பெரும்பாலும் துடிப்பை இல்லை, செய்ய முடியாமல் போன ஒரு வேலையை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சாவியைத் திருப்பப் பிடி கிடைக்கவில்லை, நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டுகிறது, பேச்சு குழறுகிறது என்றுதான் வருவார்கள். அவர்களுடைய தசையில் துடிப்பு இருக்கும், நிறையவே இருக்கும். பல நேரம் மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கும்வரை அவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உங்களுக்குத் துடிப்பு இமை, கட்டைவிரல், தொடை என்று ஊர்சுற்றுகிறது. சதை மெலியவில்லை, வேலை நிற்கவில்லை. அந்த நோய் வழக்கமாக ஓர் இடத்தில் பலவீனமாகத் தொடங்கி, அங்கேயே மோசமாகி, பக்கத்துப் பகுதிக்குப் பரவும். ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 2 பேருக்குப் புதிதாக வரும் நோய் இது. பெரும்பாலும் 55 வயதுக்கு மேல். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21 வயதில் கண்டுபிடித்தார்களே என்று கேட்பீர்கள். அபூர்வம் என்பதற்குத்தான் அந்த உதாரணம் பயன்படும்.

தீங்கற்ற துடிப்பு என்று முடிவுசெய்யப்பட்ட 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்த மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஏ.எல்.எஸ். போன்ற இயக்க நரம்பணு நோய் வரவில்லை. துடிப்பு மட்டும் முதலில் வந்து, சில மாதம் கழித்துப் பலவீனம் தெரிந்த நோயாளிகளும் மிக அரிதாக உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான், துடிப்பு தொடர்ந்தால் ஒரு நரம்பியல் மருத்துவர் ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். அந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் தினமும் சோதிக்க வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: நானே சோதித்துப் பார்த்தேன். நுனிக்காலில் நிற்க முடிகிறது. ஆனால் இடது கால் சோர்வாக, கனமாக இருக்கிறது. இடது முன்கை வலதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் மெலிவு. கண்ணாடியில் பார்த்தால் நாக்கும் நடுங்குகிறது!

மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

நாக்கை வெளியே நீட்டினால் யாருக்கும் நடுங்கும். நீட்டிப் பிடித்திருப்பதே தசைக்கு வேலை. நரம்பியல் மருத்துவர் நாக்கைப் பார்க்கும்போது வாயைத் திறந்து, நாக்கை உள்ளே தளர்வாகக் கிடக்க விடச் சொல்வார். அப்போதும் ஓரங்களில் விடாமல் நெளிவு தெரிந்து, நாக்கும் சுருங்கிப் பள்ளம் விழுந்திருந்தால்தான் அதற்கு அர்த்தம். கண்ணாடிச் சோதனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வலதுகைப் பழக்கம் உள்ளவருக்கு வலது முன்கை ஒரு சென்டிமீட்டரோ இன்னும் கொஞ்சமோ பெரிதாக இருப்பது சாதாரணம். நாடாவை ஒரு விரல் அகலம் தள்ளிப் பிடித்தாலே அளவு மாறிவிடும். மருத்துவர்கள் கவனிப்பது சுற்றளவைவிட வடிவத்தை: கட்டைவிரல் அடிமேடு தட்டையாகிவிட்டதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கையில் குழி விழுந்திருக்கிறதா என்று. ஏ.எல்.எஸ்ஸில் கட்டைவிரல் பக்கம் சூம்பி, சுண்டுவிரல் பக்கம் ஓரளவு தப்பியிருப்பது ஒரு முக்கியமான தடயம்.

அடுத்தது, ‘கனமாக இருக்கிறது’ என்பது. நரம்பியலில் பலவீனம் என்றால் தோல்வி: செய்ய முயன்று முடியாமல் போவது. கனம், சோர்வு, நடுக்கம், தளர்ச்சி எல்லாம் உணர்வுகள். களைத்த தசையும் பயந்த மனமும் அவற்றைத் தாராளமாகத் தரும்.

ஒருமுறை முறையாகப் பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். கால் பயிற்சி செய்து இரண்டு நாளாவது ஆகியிருக்கட்டும். சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்து, முழங்காலை மடக்காமல் ஒற்றைக் காலில் குதிகாலை முழுவதும் உயர்த்தி இறக்குங்கள். 60 வயதுக்குக் கீழே ஆரோக்கியமாக உள்ளவர்கள் பலரால் 20 முறை அளவுக்கு முடியும். பழக்கமில்லாதவருக்கு எண்ணிக்கை குறையும். ஆனால் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். கெண்டைத் தசையை மருத்துவர் கையால் அழுத்திச் சோதிப்பதைவிட இது துல்லியம். உடலையே தூக்கும் தசை அது, கைப்பலத்துக்கு அடங்காது. பிறகு குதிகாலில் மட்டும் பத்து அடி நடங்கள். பாதம் கீழே விழுகிறதா பாருங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். முடிந்ததா? எழுதி வைத்துவிட்டு மூடிவிடுங்கள். தினம் மூன்று வேளை செய்தால் சோதனையே பயிற்சியாகி, தசை களைத்து, துடிப்பு கூடும். அதைப் பார்த்து மறுபடி சோதிப்பீர்கள். பல கடிதங்களில் இந்தச் சுழல்தான் தெரிகிறது.

கேள்வி: வயது 56. இரண்டு மாதமாக இடது கெண்டைக்காலில் மட்டும் துடிப்பு. மாடி ஏறும்போது இடது செருப்பின் நுனி படியில் தட்டுகிறது. இடுப்பில் கொஞ்சம் வலி. நடைப்பயிற்சியால் வந்ததா?

நீங்கள் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். துடிப்புக்காக இல்லை, படியில் தட்டும் செருப்புக்காக.

பெரும்பாலும் பாதத்தை மேலே தூக்கும் தசை பலவீனமானால்தான் நுனி தட்டும். அதற்கு ஏ.எல்.எஸ்ஸைவிடப் பல மடங்கு சாதாரணமான காரணங்கள் இருக்கின்றன. இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்தலாம். ஐந்தாவது இடுப்பு வேர் அழுந்தினால் பாதத்தைத் தூக்குவது தளரும், பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகலாம். அதற்குக் கீழே உள்ள வேர் அழுந்தினால் நுனிக்காலில் எழும்புவது தளரும், குதிகால் நாணைச் சுத்தியலால் தட்டும்போது பாதம் தானாகத் துள்ளும் அனிச்சை மங்கும், கெண்டைக்காலில் துடிப்பும் வரலாம். முழங்காலுக்கு வெளிப்புறம், எலும்பைச் சுற்றி ஓடும் நரம்பு அழுந்தினாலும் பாதம் தொங்கும். கால்மேல் கால் போட்டு உட்காருபவர்களுக்கும், திடீரென உடல் இளைத்தவர்களுக்கும் இது வருவதுண்டு.

வலி, மரமரப்பு, உணர்ச்சி குறைவு ஆகியவை நரம்பு வேர்ப் பக்கம் சுட்டுகின்றன. வலியும் மரமரப்பும் இல்லாமல், பலவீனமும் மெலிவும் மட்டும் கூடிக்கொண்டே போய், மெலிந்த காலிலேயே அனிச்சை வேகமாக இருந்தால்தான் மருத்துவர் இயக்க நரம்பணு நோயை யோசிப்பார். உங்கள் வயதில் இதை நேரில் சோதித்துத்தான் பிரிக்க முடியும். முதுகு எம்.ஆர்.ஐ., நரம்புக் கடத்தல் பரிசோதனை, இ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து அதன் மின்னோட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை) தேவைப்படலாம். நடுவில் தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறினாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: மக்னீசியம் மாத்திரை போட்டால் துடிப்பு நிற்கும் என்கிறார்களே? எவ்வளவு போடலாம்? பொட்டாசியமும் சேர்க்கலாமா?

ரத்தத்தில் மக்னீசியம் குறைந்திருந்தால் நிற்கும். குறையாதவருக்கு மாத்திரை பெரிதாக எதுவும் செய்வதில்லை. தசைப்பிடிப்புக்கே முதியவர்களிடம் சோதித்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

யாருக்குக் குறையும் என்பதுதான் பயனுள்ள கேள்வி. அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரையை ஒரு வருடத்துக்கு மேல் எடுப்பவர்கள், சிறுநீர் பெருக்கி மாத்திரை சாப்பிடுபவர்கள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், மது அதிகம் குடிப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். இவர்கள் ரத்தத்தில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. மக்னீசியம் பொதுவாக டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை இருக்கும். உடலின் மொத்த மக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தில் ஓடுகிறது என்பதால், எல்லையை ஒட்டி வரும் எண்ணை மருத்துவர் மற்ற விவரங்களோடு சேர்த்துத்தான் படிப்பார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் துடிப்பு வரும். அதே ரத்தத்தில் அதையும் பார்த்துவிடலாம்.

மாத்திரையாக எடுப்பதானால் ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் போகாதீர்கள். டப்பாவில் எழுதியிருப்பது உப்பின் எடையா, அதில் உள்ள மக்னீசியத்தின் எடையா என்று பாருங்கள். நாம் சொல்வது இரண்டாவது. ஆக்ஸைடு வகை சரியாக உறிஞ்சப்படாமல் வயிற்றைக் கலக்கிவிடும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பொட்டாசியம் மாத்திரையை யாருமே சுயமாக எடுக்க வேண்டாம். அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

கேள்வி: காபிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? ஜிம்முக்குப் போகுமுன் ப்ரீ-வொர்க்அவுட் பவுடரும் குடிக்கிறேன்.

உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பரவாயில்லை என்பது பொதுவான வரம்பு. அந்தப் பவுடரில் ஒரு கரண்டியிலேயே 150 முதல் 300 வரை இருக்கக்கூடும். அதன் மேல் இரண்டு காபி என்றால் வரம்பு தாண்டிவிடக்கூடும். உடலில் காஃபீன் பாதியாகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி, படுக்கப் போகும் பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கிறது. தூக்கமும் கெடும், துடிப்பும் கூடும்.

ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்பங்கு குறையுங்கள். முழுதாக விட்டபின் இரண்டு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புகையிலை, மூக்கடைப்பு மாத்திரையில் உள்ள சூடோஎபெட்ரின், ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை செய்தேன். சி.கே. 1,180 என்று சிவப்பில் வந்திருக்கிறது. ஏ.எல்.எஸ்ஸிலும் இது உயருமாமே!

உயரும், பெரும்பாலும் மிதமாக. அது மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் செய்த பயிற்சியே போதுமான காரணம். சி.கே. என்பது தசைநாருக்குள் இருக்கும் நொதி. பழக்கமில்லாத பயிற்சியில், குறிப்பாக எடையை மெல்ல இறக்கும்போதும் இறக்கத்தில் ஓடும்போதும், நார்கள் நீண்டுகொண்டே வேலை செய்து நுண்ணிய அளவில் கிழியும். நொதி ரத்தத்தில் கசியும். ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் உச்சிக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் இறங்கும். ஆரோக்கியமான உடலிலும் சில ஆயிரம் வரை போவதுண்டு. ஏழு நாளாவது பயிற்சியை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் உயர்ந்தே இருந்தால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, தைராய்டு குறைவு, தசை நோய் என்று மருத்துவர் தேடுவார்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. தசை வீங்கி, வலி சாதாரணமாக இல்லாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை பெருமளவில் சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனை. புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரத்திலேயே எல்லை மீறும்போதும், வெயிலில் தண்ணீர் இல்லாமல் செய்யும்போதும் இது வருகிறது.

கேள்வி: துடிப்போடு ராத்திரியில் குரக்களியும் (தசைப்பிடிப்பு) வருகிறது. இது மோசமான அறிகுறியா?

பெரும்பாலும் இல்லை. குரக்களி பிடித்ததும் பாதத்தைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்து 30 விநாடி வைத்திருங்கள். களைத்த தசையில் ‘சுருங்கு’ என்ற செய்தி கூடி, ‘போதும்’ என்று தசைநாணிலிருந்து (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) வரும் செய்தி குறைந்துவிடுகிறது. இழுக்கும்போது தசைநாண் விறைத்து அந்தச் செய்தி மறுபடி போகும். படுக்கப் போகுமுன் கெண்டையையும் பின்தொடையையும் மூன்று முறை இழுத்து நீட்டுவதும் உதவும்.

துடிப்பும் பிடிப்பும் பயிற்சி செய்யும்போதெல்லாம் கூடி, வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் நரம்பின் மிகைத்தூண்டல் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கு மருத்துவரிடம் மாத்திரைகள் உண்டு. தூக்கத்திலும் விடாத தசை நெளிவு, தசை விறைப்பு, அதிக வியர்வை சேர்ந்தால் ஐசக்ஸ் நோய் என்ற அரிய நோயாக இருக்கலாம். இ.எம்.ஜி.யும் ரத்தத்தில் செய்யும் எதிரணுப் பரிசோதனையும் அதைக் கண்டுபிடிக்க உதவும். சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது அது.

கேள்வி: என் கணவரை இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இ.எம்.ஜி.யும் சரியாக இருக்கிறது. ஆனாலும் ராத்திரி டார்ச் அடித்துக் கெண்டைக்காலை வீடியோ எடுக்கிறார். என்னையும் பார்க்கச் சொல்கிறார். என்ன செய்வது?

அவரைக் கேலி செய்யாதீர்கள், துடிப்பு நிஜம். ஆனால் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லவும் வேண்டாம். ஒவ்வொரு முறை நீங்கள் சொல்லும் சமாதானமும் அவர் பயத்துக்கு ஒரு மணி நேர மருந்து. பிறகு வீரியம் குறைந்து, அடுத்த முறை இரண்டு தடவை கேட்பார்.

மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும்கூட இதே பயத்தில் விழுவதுண்டு. இந்தப் பயத்துக்கென்றே 2013-ல் நரம்பியல் இதழில் தனிப் பெயர் வைத்து எழுதினார்கள். அறிவு குறைவால் வருவது இல்லை என்பதற்கு அது போதும்.

பயம் துடிப்பைக் கூட்டும் வழி உடலிலேயே இருக்கிறது. பதற்றத்தில் மூச்சு வேகமாகும். கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அப்போது ரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும் கால்சியம் குறைந்து நரம்பு நுனிகள் எளிதில் தூண்டப்படும். விரல்நுனியும் உதட்டோரமும் சுருக்கென்று குத்துவது இதனால்தான். அதைப் புதிய அறிகுறி என்று எண்ணி இன்னும் பயப்படுகிறார்கள். இந்தக் குத்தல் வரும்போது நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே என்று ஐந்து நிமிடம் மூச்சு விடச் சொல்லுங்கள், பெரும்பாலும் தணிந்துவிடும்.

வீடியோவையும் தேடலையும் ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் நடக்காது. இப்போது ஒரு நாளில் எத்தனை முறை சோதிக்கிறார் என்று அவரே குறிக்கட்டும். முதல் வாரம் பாதி, அடுத்த வாரம் அதில் பாதி. சோதிக்கத் தோன்றும்போது பதினைந்து நிமிடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். அந்த உந்துதல் உச்சிக்குப் போய்த் தானே இறங்குவதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தரும் உளவியலாளரிடம் போவது, மூன்றாவது நரம்பியல் மருத்துவரைத் தேடுவதைவிட எங்கள் பார்வையில் புத்திசாலித்தனம். துடிப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வந்துபோகும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துடிப்பு நின்றால்தான் நிம்மதி என்று உட்கார்ந்தால் காத்திருப்பு நீளும்.

கேள்வி: பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா? கால்பந்து வீரர்களுக்கு ஏ.எல்.எஸ். அதிகம் என்று படித்தேன்.

இத்தாலியத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களிடம் எதிர்பார்த்ததைவிட அதிகம் இருந்ததாக 2005-ல் ஓர் ஆய்வு சொன்னது உண்மை. தலையில் அடிபடுதல் உட்படப் பல காரணங்களை அதற்காக ஆராய்கிறார்கள். வாரம் நான்கு நாள் ஓடும் ஒருவருக்கு அது பொருந்தாது.

பயிற்சியை நிறுத்த வேண்டாம், குறையுங்கள். இரண்டு வாரம் அளவைப் பாதியாக்குங்கள்: பத்து கிலோமீட்டர் ஓடியவர் ஐந்து, நாலு செட் செய்தவர் இரண்டு. ஒரே தசைக்கு 48 மணி நேர இடைவெளி. பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதம் போலக் கூட்டுங்கள். படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே கடினமான பயிற்சியை முடித்துவிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் போதும். நீண்ட ஓட்டத்தில் பயந்துகொண்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் மட்டும் குடித்தால் சோடியம் இறங்கி அதுவே ஆபத்தாகும். துடிக்கும் தசையோடு ஓடுவதால் நரம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வாரா வாரம் தூக்கும் எடையும் எண்ணிக்கையும் ஒரு பக்கத்தில் மட்டும் தொடர்ந்து குறைந்துகொண்டே போனால், அது தகவல். அந்தப் பயிற்சிக் குறிப்பேட்டை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வீடியோவைவிட அவருக்கு அது உதவும்.

கேள்வி: இ.எம்.ஜி. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி என்றால் பயம். எப்படி இருக்கும்?

இரண்டு பகுதி. முதலில் நரம்புக் கடத்தல்: தோலில் ஒட்டுப்பட்டை ஒட்டிச் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்து, செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். விரல் சுண்டும், அவ்வளவுதான். கை கால் குளிர்ந்திருந்தால் வேகம் குறைந்து தவறான முடிவு வரும்; குளிரூட்டிய அறையில் நெடுநேரம் காத்திருந்தால் சொல்லுங்கள், சூடுபடுத்துவார்கள்.

இரண்டாவது ஊசி. அது மெல்லியது, அதில் மருந்தோ மின்சாரமோ வராது. தசையின் மின்னோட்டத்தைக் கேட்க மட்டும்தான். கருவியின் ஒலிபெருக்கியில் நீங்களும் கேட்கலாம். தளர்ந்த, ஆரோக்கியமான தசை அமைதியாக இருக்கும். தீங்கற்ற துடிப்பு அவ்வப்போது ‘டப்’ என்று ஒற்றையாகக் கேட்கும். நரம்பு அறுந்த தசைநார்கள் தகரக் கூரையில் மழைத்துளி விழுவது போல் விடாமல் சீராகப் படபடக்கும். மருத்துவர் தேடுவது அந்தச் சத்தத்தையும், நீங்கள் தசையை இறுக்கும்போது வரும் அலைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கின்றனவா என்பதையும். நரம்பு பாதிக்கப்பட்டு இரண்டு மூன்று வாரம் ஆனபிறகுதான் அந்தப் படபடப்பு தெரியும். உங்களுக்குத் துடிப்பு மாதக்கணக்கில் இருக்கிறது என்றால் சீக்கிரம் எடுத்துவிட்டோமோ என்ற கவலை வேண்டாம்.

அன்றைக்கு உடம்பில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவாதீர்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடம் ஒன்றிரண்டு நாள் அடிபட்டது போல் வலிக்கும். சி.கே. பார்க்கவும் எழுதியிருந்தால், ஊசிக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ஊசி குத்தியதாலேயே அந்த எண் சற்று ஏறும்.